சுவரைக் கடக்கும் காந்தம்: ஆய்வுகூடக் கருவிகள் ஒன்றையொன்று குழப்புவது எப்படி?

எமது பிள்ளைகள் பலர் இன்று புலம்பெயர் நாடுகளின் ஆய்வுகூடங்களில் பணியாற்றுகிறார்கள். எம்மவர் வேறு பலர் அதே மாதிரியான கட்டடங்களை இரவில் துப்புரவு செய்கிறார்கள். இரு தரப்பினரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது. ஒரு கருவியின் காந்தப்புலம் சாதாரணச் சுவரைக் கடந்து, அடுத்த அறைக் கருவியின் அளவீட்டைக் கெடுக்கக்கூடியது.

அளவுகள்

புவியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோரெஸ்லா வரை இருக்கும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் புலம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 ரெஸ்லா. அதாவது புவியின் புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல் இருக்கலாம். மறுபுறம், மூளையிலிருந்து வரும் காந்தச் சமிக்ஞை புவிப்புலத்தில் கோடிக்கணக்கில் ஒரு பங்கு மட்டுமே. இவ்வளவு வேறுபட்ட கருவிகள் ஒரே கட்டடத்தில் அமையும்போதுதான் சிக்கல் எழுகிறது.

குழப்பும் மூலங்கள்

நிலையான புலத்துக்கு ஏற்பப் பல கருவிகளைச் சரிசெய்துகொள்ளலாம். மாறும் புலமே கூடுதல் தொல்லை. லிப்ற் ஏறி இறங்கினாலும் வெளியே ட்ராம் ஓடினாலும் புலம் மாறும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் 0.1 மைக்ரோரெஸ்லா அளவான மாறும் புலம்கூடப் படத்தின் விளிம்புகளை நெளியச் செய்யலாம்.

மின்கம்பிகளும் காரணமாகலாம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அருகருகே சென்றால், வரவும் செலவும் சமப்படுவதுபோல அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று தீர்த்துவிடும். இணைப்புத் தவறினால் திரும்பும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி தண்ணீர்க்குழாய் வழியே போனால், மீதிப் புலம் அறையெங்கும் பரவும்.

பரிகாரங்கள்

முதலாவது, தூரம். காந்தத்திலிருந்து போதிய தூரம் விலகியபின், தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகும். இலண்டன் கியூ வான்காணகத்தின் காந்த அளவீடுகளை மின்சார ட்ராம்கள் குழப்பியதால், 1908 இல் ஸ்கொட்லாந்தின் எஸ்க்டேல்மியூரில் புதிய காணகம் திறக்கப்பட்டது.

இரண்டாவது, நிக்கல் மிகுந்த மியூ உலோகத்தால் கருவியையோ அறையையோ மூடுதல். மூன்றாவது, புலத்தை அளந்து எதிர்ப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுருள்கள். இவை இரண்டும் செலவு கூடியவை. ஆகவே கருவியை வாங்கமுன், அது வைக்கப்படும் இடத்தில் ஒரு முழு நாளாவது புலத்தை அளந்து பார்ப்பதே சிக்கனம்.

துப்புரவுப் பணியாளருக்கு

மீகடத்துக் காந்தங்கள் திரவ ஈலியத்தில் குளிரூட்டப்பட்டவை. விளக்கை அணைத்தாலும் விடுமுறை நாளானாலும் அவற்றின் புலம் குறைவதில்லை. பல ஆய்வுகூடங்களில் 0.5 மில்லிரெஸ்லா எல்லை நிலத்தில் கோடாக வரையப்பட்டிருக்கும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதைத் தாண்டக்கூடாது. இரும்பு வாளியையோ தூசி உறிஞ்சியையோ கொண்டுபோனால் காந்தம் அதை இழுக்கக்கூடும். இரவிரவாக ஓடும் அளவீடும் கெட்டுவிடும். அறிவிப்பின் மொழி விளங்காவிட்டால் உள்ளே போகமுன் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.