இருவேல்பட்டு

விழுப்புரம் மாவட்டம், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் உள்ள உழவர் சிற்றூர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். பொருளியல் ஆய்வாளர்களுக்கோ இது மிகவும் தெரிந்த ஊர். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு கணக்கெடுத்த ஊர்களுள் இதுவும் ஒன்று. கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம் ஆகியவையும் அந்த வரிசையில் வரும்.

ரெட்டியார் குடும்பம் ஒன்றின் கையில் பெருநிலம், எண்ணிக்கையில் மிகுந்த வன்னியர், ஊருக்கு வெளியே சேரியில் ஆதிதிராவிடர்: இதுவே பழைய அமைப்பு. நிலமற்றவர்கள் பெரும்பாலும் படியாட்களாக இருந்தனர். பண்ணையாரிடம் வாங்கிய கடன் தீரும்வரை வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாமல் இருந்தது. கூலி, காசாக அல்ல, படியால் அளந்த தானியமாக வந்தது. படியாள் என்ற பெயரும் அதை ஒட்டியதே.

ஆய்வாளர்கள் எஸ். குகன், ஜோன் மென்ச்சர் இருவரும் 1980-களின் தொடக்கத்தில் மறு ஆய்வு செய்தார்கள். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008-இல் மீண்டும் ஆய்வுக்குப் போனபோது பண்ணையின் பிடி தளர்ந்திருந்தது. பலர் ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த விடுதலையோடு நிலம் வரவில்லை. இந்த ஊரைப் பற்றிய ஆய்வுகளில் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்தில் ஊர் பாதிக்கப்பட்டது.