ஓர் இதயமும் நான்கு நிமிடங்களும்

கண்ணப்ப நாயனார் புராணம் நடத்தும் ஆண்டுகளில் எல்லாம் வகுப்பில் ஏதேனும் ஒரு கேள்வி எழும். சென்ற பருவத்தில் கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கண்ணை அப்பியதும் குருதி நின்றது என்றுதானே இருக்கிறது? அந்தக் கண்ணால் பார்க்க முடிந்ததா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. தசைக்குத் தசையே மருந்து என்னும் பழமொழி திண்ணனாரின் நினைவுக்கு வந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். அதை நாம் பலமுறை நடத்தியிருக்கிறோம். ஆனால் அது ஒரு மருத்துவச் சிக்கல் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. திண்ணனார் தம் கண்ணைத் தம் கையாலேயே அகழ்ந்து கொடுத்தார். கொடுப்பவர் யார் என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. கொடுக்க வேண்டியவர் நினைவிழந்து கிடக்கையில், அவர் சார்பாகக் கொடுப்பவர் யார்? இந்தக் கேள்வியோடு சில வாரங்கள் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

கதை தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நடக்கிறது. 1967 டிசம்பர் 2, சனிக்கிழமை, பிற்பகல். டார்வல் குடும்பத்தார் உறவினர் வீட்டுக்குச் செல்லும் வழியில், அப்சர்வேட்டரி என்னும் பகுதியில் காரை நிறுத்தினர். தந்தை எட்வர்டும் இளைய மகனும் காரிலேயே இருக்க, தாயும் மகள் டெனிஸும் இறங்கிப் போய் ரொட்டிக் கடையில் ஒரு கேக் வாங்கினர். திரும்பிச் சாலையைக் கடக்கையில் வேகமாக வந்த கார் ஒன்று இருவரையும் மோதியது. தாய் அங்கேயே மாண்டார். இருபத்தைந்து வயது டெனிஸ், வங்கி ஒன்றில் பணிபுரிந்தவர், மண்டை பிளந்த நிலையில் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அந்த மருத்துவமனையின் பெயர் க்ரூட் ஸ்கூர். டச்சு மொழியில் பெருங்களஞ்சியம் என்று பொருள். இன ஒதுக்கல் சட்டம் கோலோச்சிய காலத்தில், வெள்ளையருக்கு ஒரு பாதி, ஏனையோருக்கு மறு பாதி என்று கண்ணாடிப் பிம்பம்போல் இரண்டாகப் பிரிந்து நின்ற கட்டடம் அது. அங்கே லூயி வாஷ்கான்ஸ்கி என்னும் மளிகைக் கடைக்காரர் இறந்துகொண்டிருந்தார். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதர். இதயம் நைந்து, நீரிழிவு முற்றி, கால்கள் வீங்கிக் கிடந்தார். மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட் புது இதயம் பொருத்தலாம் என்று சொன்னபோது, அவர் தயங்காமல் இசைந்தார்.

அன்றிரவு இளம் மருத்துவர் இருவர் எட்வர்ட் டார்வலிடம் சென்றனர். மனைவியை இழந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. மகள் பிழைக்க வழியில்லை. அவர் தனியே இருந்து எண்ண அவகாசம் கேட்டார். நான்கு நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். தமக்கு மகள் செய்து தந்த பிறந்தநாள் கேக்கும், தன் முதல் சம்பளத்தில் அவள் வாங்கித் தந்த குளியல் அங்கியும் அப்போது நினைவில் வந்ததாகப் பின்னாளில் சொன்னார். என் மகளைக் காக்க இயலாதென்றால் அந்த மனிதரையாவது காக்க முயலுங்கள் என்பதே அவர் விடையின் சாரம். இந்த வரலாற்றில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது அறுவை சிகிச்சை அல்ல. அந்த நான்கு நிமிடங்கள்தாம்.

அறுவை நடந்த விதத்தைச் சுருங்கச் சொல்லலாம். அடுத்தடுத்த இரு அறைகள். ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழு. டெனிஸின் மார்பைத் திறந்தவர்கள் பர்னார்டின் தம்பி மாரியஸும் டெரி ஓடோனவனும். செயற்கைச் சுவாசத்தை நிறுத்தி, இதயம் அடங்கும்வரை காத்திருந்ததாக அக்காலத்தில் உலகுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் பொட்டாசியம் செலுத்தி இதயத்தை நிறுத்தினோம் என்று மாரியஸ் பல்லாண்டுகளுக்குப் பின் வெளிப்படுத்தினார். மூளை இறந்தால் மனிதர் இறந்தவர் என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டமோ மரணத்தை வரையறுக்காமல், மருத்துவர் சொல்வதே முடிவு என்று விட்டிருந்தது. டிசம்பர் 3 விடியும் வேளையில், மின்னதிர்ச்சி தரப்பட்ட டெனிஸின் இதயம் வாஷ்கான்ஸ்கியின் மார்பில் துடிக்கத் தொடங்கியது.

இந்தக் கலையைப் பர்னார்ட் தனியே கண்டுபிடித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடல் அயலாரின் தசையை ஏன் ஏற்பதில்லை என்பதைப் போர்க்காலத்தில் தீக்காயம் பட்டவர்களின் தோலிலிருந்து ஆராயத் தொடங்கியவர் இங்கிலாந்தின் பீட்டர் மெடாவர். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே, ஒருகரு இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வெற்றியுடன் பொருத்தினார். இரட்டையர் ஆதலால் உடல் வேற்றுமை பாராட்டவில்லை. இதயத்தை எடுத்துத் தைக்கும் நுட்பத்தை நாய்களில் ஆண்டுக்கணக்கில் பழகிச் செம்மை செய்தவர்கள் அமெரிக்காவின் நார்மன் ஷம்வேயும் ரிச்சர்ட் லோயரும். 1966-இல் பர்னார்ட் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் சில மாதங்கள் தங்கிச் சிறுநீரக மாற்றம் பயின்றபோது, அங்கே லோயரின் அறுவையையும் கண்டார். ஊர் திரும்பி அவர்களை முந்திக்கொண்டார். ஷம்வேயின் தரப்பினர் இதை எளிதில் மன்னிக்கவில்லை. வித்துவான்கள் அரங்கேற்றத்துக்கு முந்திக்கொள்ளும் கதைகள் நமக்கும் புதியவை அல்லவே!

வாஷ்கான்ஸ்கி பதினெட்டு நாள் வாழ்ந்தார். எழுந்து அமர்ந்தார், பேசினார், உலகெங்கும் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் சிரித்தார். பிறகு அவருடைய நுரையீரலில் நிழல் தெரிந்தது. உடல் புது இதயத்தைத் தள்ளுகிறது என்று அஞ்சிய மருத்துவர்கள், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் கூட்டினர். அது நிமோனியா. எதிர்த்துப் போரிட வேண்டிய படையை மருத்துவரே கலைத்துவிட்டிருந்தனர். டிசம்பர் 21 அன்று அவர் மாண்டார்.

அறுவைக்கு முன்பே வேறொரு கணக்கும் போடப்பட்டிருந்தது. இதயவியல் பேராசிரியர் ஷ்ரைர், முதல் அறுவையில் கொடுப்பவரும் பெறுபவரும் வெள்ளையராகவே இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். கறுப்பரின் உடலில் சோதனை நடத்துகிறார்கள் என்று உலகம் பழிக்கும் என்பது அவருடைய அச்சம். அநீதியான ஒரு நாட்டில் எச்சரிக்கையும்கூட அநீதியின் வடிவையே எடுக்கிறது. ஆனால் டெனிஸின் சிறுநீரகம், வெள்ளையர் அல்லாத ஒரு பத்து வயதுச் சிறுவனுக்குப் போயிற்று. அதற்கும் சிலர் முகம் சுளித்தனர். 1968 சனவரி 2 அன்று நடந்த இரண்டாம் அறுவையில் அந்தத் தயக்கமும் கைவிடப்பட்டது. புத்தாண்டு நாளில் கடற்கரையில் மூளைக் குருதிக்கசிவால் சாய்ந்த கலப்பினத்தவரான இளைஞர் கிளைவ் ஹாப்ட்டின் இதயம், பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளைப் பல் மருத்துவருக்குப் பொருத்தப்பட்டது. ஒரே தொடர்வண்டிப் பெட்டியில் அருகருகே அமர முடியாத இருவர். பிளைபெர்க் அந்த இதயத்துடன் பத்தொன்பது மாதம் வாழ்ந்தார்.

பர்னார்ட் பயின்ற அதே ரிச்மண்டில் 1968 மே மாதம் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். புரூஸ் டக்கர் என்ற கறுப்பினத் தொழிலாளி கீழே விழுந்து தலையில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தார். அவர் சட்டைப்பையில் அண்ணன் கடையின் முகவரி அட்டை இருந்தது. ஆயினும் குடும்பத்தார் யாரும் கேட்கப்படவில்லை. மறுநாள் அவருடைய இதயம் எடுக்கப்பட்டு வெள்ளை வணிகர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அறுத்தவர் லோயர். ஈமச்சடங்குக்கு உடலை ஆயத்தம் செய்தவர் சொல்லித்தான் இதயமும் சிறுநீரகங்களும் இல்லை என்பது குடும்பத்துக்குத் தெரிந்தது. அண்ணன் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் டக்ளஸ் வைல்டர். பின்னாளில் வர்ஜீனியாவின் ஆளுநரானவர். 1972-இல் நடுவர் குழு, மருத்துவர் பக்கமே தீர்ப்பளித்தது. மூளையின் சாவைச் சாவாகக் கொள்ளலாம் என்ற கருத்து அந்த வழக்கில்தான் அமெரிக்க நீதிமன்றத்தில் வலுப்பெற்றது. ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு அதற்கான அளவுகோல்களை 1968 ஆகஸ்டிலேயே வெளியிட்டிருந்தது. இன்று உலகெங்கும் உயிர்களைக் காக்கும் ஒரு கோட்பாடு, எட்வர்ட் டார்வலிடம் கேட்ட கேள்வியை டக்கரின் அண்ணனிடம் கேட்காமலே வளர்ந்தது.

1968-இல் மட்டும் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இதயங்கள் மாற்றப்பட்டன. பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பிரபுல்ல குமார் சென் செய்தது அவற்றுள் ஒன்று. நோயாளி சில மணி நேரமே உயிர் தரித்தார். எங்கும் மரணங்கள் மிகவே, பெரும்பாலோர் இந்த அறுவையைக் கைவிட்டனர். விடாமல் நின்றவர் ஷம்வே. நார்வே நாட்டு மண்ணில் எடுத்த பூஞ்சையிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து எண்பதுகளில் பரவலாகப் பயனுக்கு வந்த பின்னரே இத்துறை மீண்டும் தழைத்தது. இந்தியாவில் மூளைச்சாவை ஏற்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 3 அன்று தில்லி எய்ம்ஸில் வேணுகோபால் குழுவினர் இதய மாற்றத்தை வெற்றியுடன் செய்தனர். சென்னையில் 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் ஈந்ததும், அவ்விதயம் செல்லப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டதும் நம்மில் பலர் நாளிதழில் படித்து நெகிழ்ந்த செய்தி.

இனி ஹாமில்டன் நாக்கியைப் பற்றி. டிரான்ஸ்கேய் பகுதியின் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிக் கேப் டவுன் வந்தவர், பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரர். 1954-இல் ராபர்ட் கெட்ஸ் என்ற ஆய்வாளர், ஒட்டகச்சிவிங்கி தலை தாழ்த்தும்போது ஏன் மயங்குவதில்லை என்று ஆராய முற்பட்டார். அந்த விலங்கைப் பிடித்துக்கொள்ள வலுவான ஓர் ஆள் தேவைப்பட்டது. தோட்டத்திலிருந்து அழைக்கப்பட்ட நாக்கி, ஆய்வகத்திலேயே தங்கிவிட்டார். விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுக்கவும், அறுக்கவும், தைக்கவும் பார்த்தே பழகினார். பன்றிக்குக் கல்லீரல் மாற்றும் நுட்பத்தைப் பட்டம் பெற்ற மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். 1991-இல் ஓய்வுபெற்றபோது அவருக்குக் கிடைத்தது தோட்டக்காரருக்குரிய ஓய்வூதியம். தென்னாப்பிரிக்க அரசு 2002-இல் விருதளித்தது. பல்கலைக்கழகம் 2003-இல் மதிப்புறு முதுநிலைப் பட்டம் அளித்தது.

2005 மே மாதம் அவர் இறந்தபோது, டெனிஸின் இதயத்தை எடுத்தவரே நாக்கிதான், இன வெறியால் அது மறைக்கப்பட்டது என்று எக்கானமிஸ்ட், நியூயார்க் டைம்ஸ் முதலிய பேரிதழ்கள் எழுதின. சில மாதங்களில் அவையே திருத்தம் வெளியிட்டன. அன்றிரவு அவர் அறுவை அறையில் இல்லை. உண்மையில், கறுப்பர் ஒருவர் வெள்ளையரின் உடலைத் தொட்டு அறுக்க அன்றைய ஏற்பாடு இடமே தரவில்லை. இந்தக் கட்டுக்கதையை நாமும் முதலில் நம்பினோம். வகுப்பில் ஒருமுறை சொல்லியும் இருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெவ்வேறு காலத்து ஔவையார்களை ஒருவராக்கி மகிழும் மரபில் வந்த நமக்கு இத்தகைய கதை இனிக்கத்தானே செய்யும்! ஆனால் அவரை அந்த அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தும் கதை, அவருக்கு நேர்ந்த அநீதியைக் குறைத்தே காட்டுகிறது. வாய்ப்பு இருந்திருந்தால் நாக்கி தம்மைவிடச் சிறந்த அறுவை மருத்துவர் ஆகியிருப்பார் என்று பர்னார்டே சொன்னதாகத் தெரிகிறது. அந்த வாய்ப்பு ஒரே ஓர் இரவுகூடத் தரப்படவில்லை என்பதே நடந்தது.

வருங்காலம் பன்றியின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022 சனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், பத்து மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயத்தை ஒருவருக்குப் பொருத்தினர். இரண்டு மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் பன்றிச் சிறுநீரகம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவரும் ஏறத்தாழ அவ்வளவு காலமே இருந்தார். வாஷ்கான்ஸ்கியின் பதினெட்டு நாளோடு ஒப்பிட்டால் இவை குறைந்தவை அல்ல. பன்றியின் தந்தையிடம் யாரும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை என்பது இந்த வழியின் வசதி. அந்த வசதி நமக்குச் சற்று உறுத்தலாகவும் இருக்கிறது.

மற்றொரு வழி பின்னோக்கிச் செல்கிறது. மூளைச்சாவு அடைந்து துடித்துக்கொண்டிருக்கும் இதயமே வேண்டும் என்று பல்லாண்டு இருந்த நிலை மாறி, 2014-இல் சிட்னியில், நின்றுபோன இதயத்தை ஒரு பெட்டிக்குள் வைத்துக் குருதி பாய்ச்சி மீண்டும் துடிக்கச் செய்து பொருத்தினர். இதயம் நின்றபின் கைவைப்பது என்பது 1967-இல் க்ரூட் ஸ்கூரில் செய்ததாகச் சொல்லப்பட்டதுதான். ஆகவே பழைய கேள்வியும் திரும்பி வந்துவிட்டது: நின்ற பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? பல நாடுகளில் ஐந்து நிமிடம் என்று விதி. இத்தாலியில் இருபது நிமிடம். இதை வகுப்பில் சொன்னபோது, கடைசி வரிசை மாணவி மீண்டும் எழுந்து, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டாள்.