எஃப்1 அமுக்குனாத்தான் கம்ப்யூட்டர் ஓடும்

போன தடவை கோவில்பட்டிக்குப் போயிருந்தப்ப ஒரு சின்ன ரிப்பேர் வேலை பார்த்தேன். ஐம்பது ரூபாய்கூட ஆகாத வேலை. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு.

எங்க தாத்தா (அம்மாவோட அப்பா) தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினவர். தீப்பெட்டி செய்யுற இடத்துக்கு எங்க ஊர்ல ஆபீஸ்னுதான் பேரு. ஊருக்கு வெளியே மூணு ஏக்கர் கரிசல், மானாவாரி. பருத்தி, கம்பு, உளுந்துன்னு மழையை நம்பித்தான் பொழப்பு. எப்ப மழை பெஞ்சுது, எத்தனை உழவு மழை, என்ன விதைச்சோம்னு நோட்டுல எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு. நான் எட்டாவது படிக்கும்போது வீட்டுக் கம்ப்யூட்டர்ல எ-கலப்பை போட்டு, தமிழ்ல தட்டச் சொல்லிக் கொடுத்தேன். கலப்பைங்கிற பேரைக் கேட்டதுமே அவருக்குப் பிடிச்சுப் போச்சு. நோட்டை மூடிட்டு நோட்பேடுக்கு மாறிட்டார். ஒவ்வொரு மழைக்கும் ஒரு கோப்பு.

"தேதி போடணுமாடா?"ன்னு கேட்டார். "வேண்டாம் தாத்தா, அதுவே போட்டுக்கும்"னு சொன்னேன். இந்த ஒரு வரிக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன்.

தாத்தா 2018ல போய்ச் சேர்ந்துட்டார். இப்ப அந்தப் பெட்டியைப் போட்டா கறுப்புத் திரையில 'சிமாஸ் செக்சம் எர்ரர்'னு வந்து நின்னுது. எஃப்1 அமுக்குனாத்தான் மேல போகுது. அம்மா சொன்னாங்க, "அது எப்பவும் அப்படித்தாம்ல. தாத்தா தெனமும் அதை அமுக்கித்தான் உக்காருவாரு." அவரோட பழைய நோட்டுலயும் எழுதி வச்சிருந்தார்: 'சுவிட்ச் போடணும். எஃப்1 அமுக்கணும்.' அதுவும் கம்ப்யூட்டர் போடுற முறைன்னே நினைச்சிருக்கார்!

கோப்புகளைத் திறந்தேன். 2011 நடுவுல வரைக்கும் தேதி ஒழுங்கா இருக்கு. அதுக்கப்புறம் இருக்கிற நாப்பத்து மூணு கோப்புக்கும் ஒரே தேதி. 2004 ஜனவரி 1. ஏழு வருஷ மழையும் ஒரே நாள்ல பெஞ்சிருக்கு.

காரணம் மதர்போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரி. அதோட வரலாறு சுவாரசியமானது. 1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் விட்ட முதல் பிசியில, அணைச்சாலும் ஓடுற கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி என்ன, மணி என்னன்னு கேக்கும். சோம்பேறித்தனமா என்டர் தட்டினா 1980 ஜனவரி 1னு வச்சுக்கும். அதனால அந்தக் காலத்து ஃபிளாப்பிகள்ல 1980ல எழுதின மாதிரி நிறைய கோப்புகள் கிடக்கும். அந்த வருஷம் அந்த மெஷினே பிறக்கலை!

1984ல வந்த பிசி ஏடியிலதான் இதுக்கு வழி பண்ணினாங்க. மோட்டரோலாவோட எம்சி146818ங்கிற சிப், கூட ஒரு பேட்டரி. சிப்புல மொத்தமே 64 பைட். அதுல 14 கடிகாரத்துக்கு, மிச்சம் 50 என்ன டிஸ்க், எவ்வளவு மெமரிங்கிற அமைப்புகளுக்கு. சிமாஸ்ங்கிறது 1963ல ஃபேர்சைல்டு கம்பெனியில ஃபிராங்க் வான்லாஸ் கண்டுபிடிச்ச சிப் செய்யுற முறை. சும்மா இருக்கும்போது கரண்ட்டே குடிக்காத குறை. அதனாலதான் பேட்டரியில வருஷக்கணக்கா ஓட முடியுது. கூடவே ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 தடவை அதிரும். அதைப் பதினஞ்சு தடவை பாதி பாதியாக்கினா சரியா ஒண்ணு. அதுதான் ஒரு நொடி. கைக்கடிகாரத்துலயும் இதே கதைதான்.

நடுவுல போர்டுலயே பத்த வச்ச நிக்கல் காட்மியம் பேட்டரி வந்துச்சு. பழைய 386, 486 போர்டுகள் பலதை, அது கசிஞ்சு அரிச்சே கொன்னுடுச்சு. அப்புறம் கழட்டி மாட்டுற சிஆர்2032 வந்து நிலைச்சுது. பேர்லயே அளவு இருக்கு: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட் லித்தியம்.

இதுல ஒரு விஷயம். பிளக் சுவிட்ச் போட்டிருக்கிற வரைக்கும் கடிகாரம் வீட்டுக் கரண்ட்லயே ஓடிக்கும், பேட்டரியைத் தொடாது. கரண்ட் போனாத்தான் பேட்டரி உழைக்கணும். 2012ல சென்னையைத் தாண்டி இருந்தவங்களுக்குக் கரண்ட் கட் பத்திச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு நாள்ல பத்து மணி நேரத்துக்கு மேல இருக்காது. போதாததுக்கு, வேலை முடிஞ்சதும் சுவத்து சுவிட்சையும் அணைச்சிட்டுத்தான் தாத்தா எந்திரிப்பார். பேட்டரி செத்ததுக்கப்புறம், ஒவ்வொரு தடவை போடும்போதும் அந்தப் பெட்டி அதுக்குத் தெரிஞ்ச முதல் நாள்லேருந்து எண்ண ஆரம்பிச்சிருக்கு.

இந்த வியாதி கம்ப்யூட்டருக்கு மட்டுமில்லை. கோவில்பட்டியிலேருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்துல கழுகுமலை. அங்க பாறையில பாண்டியர் கால வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கு. அந்தக் காலக் கல்வெட்டுகள்ல வருஷம் எப்படி எழுதுவாங்க? இன்ன ராஜாவுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டுன்னு. ராஜா மாறினா திரும்ப ஒண்ணுலேருந்து. ஒரே பட்டப்பேர்ல ரெண்டு மூணு ராஜா வேற இருப்பாங்க. வெறும் 'மாறஞ்சடையனுக்கு மூணாவது வருஷம்'னா எந்த நூற்றாண்டுன்னு எப்படிச் சொல்றது?

எங்கயாவது ஒரு முளைக்குச்சி வேணும். பாண்டியர் விஷயத்துல அப்படி ஒண்ணு, மதுரை ஒத்தக்கடை பக்கம் ஆனைமலை நரசிங்கப் பெருமாள் கோயில் கல்வெட்டு. அமைச்சர் மாறன்காரி கோயில் எடுத்த வருஷத்தைக் கலியுகம் 3871னு அதுல வெட்டி வச்சிருக்காங்க. நம்ம கணக்குக்குக் கிட்டத்தட்ட 770. அந்த ஒரு கல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் முன்னயும் பின்னயும் இருக்கிற பாண்டியர்களை வரிசைப்படுத்துறாங்க.

தாத்தா கோப்புகள்லயும் அப்படித் தேடினேன். கிடைச்சுது. 'பாங்கில் நோட்டு மாற்ற வரிசை. வானத்தில் மேகம் இல்லை. விதைத்த உளுந்து கருகிவிட்டது.' நோட்டு செல்லாதுன்னு சொன்னது 2016 நவம்பர் 8. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல சராசரியை விட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அரசாங்கம் அறிவிச்சுது. ஆக அந்தக் கோப்பு 2016 கடைசி. இதே மாதிரி எலெக்‌ஷன், சொந்தக்காரங்க கல்யாணம், அம்மாவோட ஞாபகம் எல்லாத்தையும் வச்சு முப்பத்தி ரெண்டு கோப்புக்கு வருஷம் கண்டுபிடிச்சாச்சு. பதினொண்ணு இன்னும் தெரியலை. அவர் கடைசியா எழுதினது அதுல ஒண்ணாத்தான் இருக்கணும்.

ஆனா அந்தத் தப்பான தேதியிலயும் ஒரு உண்மை மாட்டிக்கிட்டிருக்கு. கடிகாரம் ராத்திரி பன்னெண்டு மணியிலேருந்து ஆரம்பிக்குதில்ல, அதனால கோப்புல இருக்கிற நேரம், பெட்டியைப் போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு சேமிச்சார்ங்கிற கணக்கு. பெரும்பாலும் பன்னெண்டு பத்து, பன்னெண்டு பதினஞ்சு. நோட்டு வரிசைக் கோப்புல மட்டும் ஒரு மணி இருபது நிமிஷம். அதுல இருக்கிறது மொத்தம் மூணு வரி.

கோப்புகளை அப்படியே பிரதி எடுத்து வச்சதுக்கப்புறம்தான் பெட்டியில கை வச்சேன். "ஏலே, தொறக்காத, தாத்தா எழுதுனதெல்லாம் போயிரும்"னு அம்மாவுக்குப் பயம். அது ஹார்டு டிஸ்க்ல இருக்கு, பேட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லிப் புரிய வச்சேன். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சக் கரண்டை இறக்கி, பக்கத்துத் தகட்டைக் கழட்டினா உள்ள ஒரு விரக்கடைக்குத் தூசி. கொக்கியை நகத்தால தள்ளினதும் பழைய பேட்டரி துள்ளி வந்துச்சு. வாட்ச் கடையில வாங்கினதைக் கூட்டல் குறி மேல தெரியுற மாதிரி வச்சு, டெலிட் அமுக்கி உள்ள போய் இன்னிக்குத் தேதியைக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. 2011லயே செஞ்சிருக்கலாம். நான்தான் வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்.

மறுநாள் காலையில போட்டுப் பார்த்தோம். நேரா உள்ள போயிருச்சு. பின்னாடி நின்ன அம்மா கேட்டாங்க, "எஃப்1 அமுக்கவே இல்லையேல?"

பி.கு: வீட்டுல பெரியவங்க யாராவது கம்ப்யூட்டர்லயோ போன்லயோ எழுதினா, முதல் வரியில தேதியைக் கையால தட்டச் சொல்லுங்க. அதுவே போட்டுக்கும்னு மட்டும் சொல்லிடாதீங்க.