ஐந்து மாதங்கள் ஓடிய கப்பல்

ஜூன் மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் காற்று குற்றாலத்தில் அருவியாகவும் தென்காசியில் சாரலாகவும் இறங்குகிறது. தூத்துக்குடியை அடையும்போது அதில் ஈரம் இருப்பதில்லை. 2011 ஜூன் 13 அன்று, அந்தக் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் ஒன்று புறப்பட்டது. கப்பலின் பெயர் 'ஸ்கோஷியா பிரின்ஸ்'. இலங்கையில் உறவும் வணிகமும் கொண்டிருந்த குடும்பங்கள் தென்பாண்டிச் சீமையில் ஏராளம். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய 'ராமானுஜம்' கப்பல் 1984-இல் நின்றபின் கடல்வழி அடைபட்டிருந்தது. அது மீண்டும் திறந்ததாகவே நாம் நம்பினோம்.

அக்கப்பல் நமக்கு வந்துசேர்ந்த கதை நீண்டது. 1972-இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் கிராலியெவிட்சா கப்பல்தளத்தில், ஸ்வீடனின் ஸ்டெனா நிறுவனத்துக்காக, 'ஸ்டெனா ஒலிம்பிக்கா' என்ற பெயரில் அது கட்டப்பட்டது. பயணிகளோடு கார்களையும் ஏற்றிச்செல்லும் வகைக் கப்பல். கரையிலிருந்து கதவு வழியாகக் காரை ஓட்டிக்கொண்டே கப்பலின் வயிற்றுக்குள் சென்று நிறுத்திவிடலாம். மறுகரையில் அவ்வாறே வெளியேறலாம். 1982-இல் புதுப்பெயர் பெற்று, அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவின் யார்மத்துக்கும் இடையே 2004 வரை பருவந்தோறும் ஓடியது. இடையில் நடுவே வெட்டி நீளமும் கூட்டப்பட்டது. 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் லூசியானாவில் வீடிழந்தோருக்குத் தங்குமிடமானது. 2011 தொடக்கத்தில் லிபியாவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, பெங்காசியில் சிக்கியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியரை அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுசேர்த்ததும் இதே கப்பல்தான்.

அத்தனைக்கும் ஈடுகொடுத்த கப்பல் நம் கடலில் ஐந்து மாதங்களே ஓடியது. போதிய பயணிகள் சேரவில்லை. எரிபொருள் வாங்கிய கடன் நிலுவையாயிற்று. நவம்பரில் போக்குவரத்து நின்றது. நீதிமன்ற ஆணையால் கொழும்பில் தடுத்து வைக்கப்பட்ட கப்பல், 2012-இல் வங்காளதேசத்தின் சிட்டகாங் கடற்கரையில் உடைக்கப்பட்டது.

இந்தத் தேதிகளை அடுக்கிப் பார்க்கையில் வேறொரு ஜூன் நினைவுக்கு வருகிறது. குற்றாலத்துக்கு அருகிலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், திருநெல்வேலி கலெக்டர் ஆஷை மணியாச்சி ரயில் சந்திப்பில் சுட்டுக்கொன்று தானும் மாண்டது 1911 ஜூன் 17. ஆஷ் அப்போது இலங்கைப் படகு மெயிலுக்காகக் காத்திருந்தார். 1908-இல் தூத்துக்குடியில் சுதேசி இயக்கத்தை ஒடுக்கிய அதிகாரிகளில் அவரும் ஒருவர். வாஞ்சி விட்டுச்சென்ற கடிதம் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டைப் பற்றிப் பேசுகிறதேயன்றிக் கப்பலைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் வ.உ.சி.யின் கப்பலை விலக்கிவிட்டு அந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ள இயலாது.

வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவுசெய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடிக்கு வந்தன. போட்டியிட்ட பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இலவசப் பயணத்தோடு குடையும் தந்தது என்பார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு கப்பல் அதே துறைமுகத்திலிருந்து கிளம்பி, அதே கணக்கேட்டில் மூழ்கியது.

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. முன்னதை அரசு நசுக்கியது. பின்னதை யாரும் நசுக்கவில்லை. எனினும் இரண்டும் ஒரே பாடத்தைச் சொல்வதாக நமக்குத் தோன்றுகிறது. கடல்வழிப் பயணம் மக்களின் வழக்கமாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நட்டத்தைத் தாங்க ஒருவர் வேண்டும். வட அட்லாண்டிக்கில் அந்தக் கப்பலுக்கு இருபதாண்டுகளுக்கு மேல் கிடைத்தன. இங்கே ஐந்து மாதங்கள். வ.உ.சி. இதை அறிந்திருந்தார். சிறு தொகைப் பங்குகளாகப் பிரித்து ஊர்மக்களிடம் அவர் விற்றது பணத்துக்காக மட்டுமன்று. நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளும் ஒரு சமூகத்தை உருவாக்குவதற்காகவும் என்றே நாம் கருதுகிறோம். 2011-இல் நாமெல்லாம் வாழ்த்தினோம். சீட்டு வாங்கியவர்கள் சிலரே.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' சென்றது. சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' அவ்வழியில் இறங்கியது. இம்முறை அச்சேவைக்கு இந்திய அரசு உதவித்தொகை அறிவித்தது. நட்டத்தைத் தாங்க ஒருவர் வேண்டும் என்பதைக் காலம் கடந்தேனும் உணர்ந்திருக்கிறார்கள். செங்கோட்டையில் வாஞ்சியின் சிலைக்கு மாலை சாத்தும் ஜூன் 17-இல், அதற்கு நான்கு நாள் முன்னால் புறப்பட்ட அந்த அயல்நாட்டுக் கப்பலையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.