மொரீசியஸ் நோட்டில் தமிழ்

இந்தியாவுக்கு வெளியே எந்த நாட்டு நோட்டில் தமிழ் இருக்கிறது என்று கேட்டால் இலங்கை, சிங்கப்பூர் என்பார்கள். மொரீசியஸை யாரும் சொல்வதில்லை.

பழைய நோட்டுகள் சேர்ப்பது என் பழக்கம். மொரீசியஸின் 1967ஆம் வருஷத்து ஐந்து ரூபாய் என்னிடம் உண்டு. அந்தத் தீவு விடுதலை பெற்றது 1968 மார்ச் 12இல். அதற்கு முந்தின வருஷமே மொரீசியஸ் வங்கி தொடங்கி 5, 10, 25, 50 ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. முகப்பில் எலிசபெத் ராணி. ஆங்கிலத்துக்குத் துணையாகத் தமிழும் இந்தியும். நம்ம கடைக் கணக்கிலிருந்து எப்பவோ போய்விட்ட தமிழ் எண்களும் அந்நாட்டு நோட்டுகளில் உண்டு. வந்தவாசியில் என் அப்பா பேரேடு எழுதினது ௫, ௰, ௱ என்றுதான்.

இந்த இடம் தமிழுக்கு எப்படிக் கிடைத்தது? பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களை வரவழைத்தார். போர்ட் லூயிஸ் துறைமுகம் எழுந்ததில் அவர்கள் உழைப்பு உண்டு. 1834க்குப் பிறகுதான் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் பெருந்தொகையாகப் போனார்கள். ‘முதலில் வந்தவர்கள் நாங்கள்’ என்பது அங்குள்ள தமிழர் வாதம்.

1998இல் வந்த புது நோட்டுகளில் இந்தி மேலே, தமிழ் கீழே என்று வரிசை மாறியது. தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1999இல் பழைய வரிசைப்படி மறுபடி அச்சாகி வந்தன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. போராடியவர்களில் பலருக்கு வீட்டுப் பேச்சு கிரியோல். பேச்சு போன பிறகும் எழுத்தை விட அவர்களுக்கு மனசு வரவில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். சென்னைப் பட்டாளத்தோடு சிக்கந்தராபாத்துக்கும் போலாரத்துக்கும் தமிழர் வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிஜாம் அரசு 1918 முதல் வெளியிட்ட நோட்டுகளில் உருது, தெலுங்கு, மராத்தி, கன்னடம் இருந்தன, தமிழ் இல்லை. அது நியாயம்தான், சமஸ்தானத்து மொழிகள் அவை. இன்றைய இந்திய நோட்டில் நாம் கேட்காமலே சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் நடுவே தமிழ் இருக்கிறது. சண்டை போடாமல் கிடைத்ததால்தானோ என்னவோ, நாம் அதைப் பார்ப்பதே இல்லை.

போராடி வாங்கிய வரியானாலும் சும்மா கிடைத்த வரியானாலும், படிக்க ஆளில்லை என்றால் அது வெறும் கோலம். இன்று ராத்திரி உங்க பேரப்பிள்ளை கையில் ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கொடுங்கள். தமிழ் வரி எது என்று கேளுங்கள். காட்டினால் போதாது, வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தால் நோட்டு அவனுக்கே!