காற்றின் கணக்கு மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது

தூத்துக்குடிக் காற்றைப் பற்றி நம் பகுதியில் பேச்சு எழுந்தாலே எல்லோருக்கும் 2018 மே மாதம்தான் நினைவுக்கு வரும். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில், மே 22, 23 தேதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. அந்த வழக்கு 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஆலைக்கு எதிராகவே முடிந்தது.

ஆனால் இந்தக் கதை அதற்கு வெகுமுன்பே தொடங்கியது. மீளவிட்டானில் 1996 முதல் இயங்கிய ஆலையை மூடச் சொல்லி 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடி மக்களுக்குக் கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் இருமலும் ஏற்பட்டன. ஒரு வாரத்துக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடியது. ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் சுற்றுச்சூழல் பாதிப்புக்காக 100 கோடி ரூபாய் கட்ட உத்தரவிட்டது. அதே ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையை மீண்டும் இயக்க அனுமதித்தது.

இத்தனை ஆண்டுகளும் வாதம் பெரும்பாலும் புகைபோக்கி அளவீட்டையும் அனுமதிச் சீட்டையும் சுற்றியே நடந்தது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் வசித்தவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி, அங்கே மூச்சு நோய்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆனால் எந்த நாளில் எத்தனை பேர் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்ற நாள்வாரிக் கணக்கு அந்த வாதத்தின் நடுவே வரவே இல்லை.

அந்தக் கணக்கு எவ்வளவு வலுவானது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகை மூடியது. மருத்துவமனைப் படுக்கை கேட்டு வந்தவர்கள் பெருகினார்கள். மரணப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்த பிறகே சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்தது தெரிந்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை 1986 ஆகஸ்டிலிருந்து சுமார் 13 மாதம் நின்றிருந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அங்குள்ள மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமாவுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் ஆலை நின்ற குளிர்காலத்தைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்தனர். 1989இல் வெளியான இந்த ஆய்வு, தூசிக்கு உலகம் விதிக்கும் வரம்பையே மாற்றிய ஆய்வுகளில் ஒன்று.

காரணம் எளியது. கந்தக டை ஆக்ஸைடு மூச்சுக்குழாயைச் சுருக்கும். 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்தூசி நுரையீரலின் ஆழம்வரை போய் ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் காற்று கெட்ட நாட்களில் ஆஸ்துமாக்காரர்களோடு மாரடைப்பு நோயாளிகளும் கூடுதலாக வருகிறார்கள்.

நம் மாவட்டத்திலும் ஓர் ஆலை நின்றது. ஆனால் அனல்மின் நிலையமும் துறைமுக நிலக்கரியும் லாரிப் போக்குவரத்தும் நிற்கவில்லை. 2020இல் கொரோனாவும் வந்துவிட்டது. எனவே 2018க்கு முன், பின் என்று இரண்டு எண்களை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. நாள்வாரியாக, ஊர்வாரியாகப் பதிவு வேண்டும்.

புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் கூடங்களின் பஞ்சுத்தூசி உண்டு, கரிசல் புழுதி உண்டு, குப்பை எரிக்கும் புகையும் உண்டு. எது எவ்வளவு பாதிக்கிறது என்று நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும். ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் யாருக்காவது மூச்சுத் திணறல் வந்தால் தேதியைக் குறித்து வையுங்கள், ஓ.பி. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். ஒரு தெருவே பத்து வருடம் இப்படிக் குறித்து வைத்தால், அதைப் புரளி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.