வடுகபட்டிக்கு இறங்கும் பூண்டு

பெரியகுளத்தை ஒட்டியிருக்கும் வடுகபட்டியின் வயல்களில் பூண்டு விளைவதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டின் பேர்பெற்ற பூண்டுச் சந்தைகளில் ஒன்று அங்கேதான் நடக்கிறது. வியாழனும் ஞாயிறும் கமிஷன் மண்டிகளின் வாசலில் வந்து இறங்கும் மூட்டைகளில், விவரம் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது கொடைக்கானல் மேல்மலைச் சரக்கை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை, குக்கல் என்று அந்த ஊர்கள் நீளும்.

மலை இருப்பது திண்டுக்கல் மாவட்டம், சந்தை இருப்பது தேனி மாவட்டம். கொடைக்கானலின் பெரிய சாலையோ வத்தலக்குண்டுப் பக்கம் இறங்குகிறது. பிறகு ஏன் பூண்டு மட்டும் வடுகபட்டியைத் தேடிப் போகிறது? இதற்கான விடையைப் பழைய மலைப்பாதையில்தான் தேட வேண்டும்.

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே போக வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளத்துக்கு அருகில், மலையடிவாரத்தில் இருந்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்துதான் ஏற்றம் தொடங்கும். வசதி உள்ளவர்கள் டோலியிலும் குதிரையிலும் போனார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வழியாக மதுரைக்கு வந்த பிறகும், பயணிகள் அங்கே இறங்கி மாட்டுவண்டியில் இந்தத் தோப்புக்கு வந்துதான் மலை ஏறினார்கள். மோட்டார் வண்டி ஏறும் மலைச்சாலை 1910-களின் நடுவில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான பெருவழி பெரியகுளத்தில்தான் முடிந்தது. பாதை மாறினாலும் கொடுக்கல் வாங்கலும் நம்பிக்கையும் பழைய ஊரிலேயே தங்கிவிட்டன என்றே எண்ணத் தோன்றுகிறது.

மலையில் உழவு வெள்ளையர்களோடு வந்ததல்ல. கொடைக்கானல் அடங்கிய பழனி மலைத்தொடரின் முதன்மையான வேளாண்குடிகளான குன்னுவர்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் கோவைச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. 1821-ல் வார்டு என்ற நில அளவை அதிகாரி இந்த மலைகளை அளக்க வந்தபோதே அங்கே ஊர்களும் வயல்களும் இருந்தன. சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, மண் நிறுத்திய அந்த அடுக்கு வயல்களைப் பூம்பாறைக்குப் போகும் வழியில் இன்றும் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்கு அதில் கிடைப்பது பெரும்பாலும் சிறு துண்டுகள். டிராக்டர் ஏறாது. கொத்துவதும் களை எடுப்பதும் கையால்தான்.

சாலை இல்லாத மலையில், சிறு துண்டு நிலத்தில் எதைப் போட்டால் கட்டுப்படியாகும்? முட்டைக்கோஸ் வழியிலேயே வாடும். உருளைக்கிழங்கு எடைக்கு ஏற்ற விலை தராது. பூண்டு அப்படியல்ல. காய்ந்தால் எடை குறையும், அடிபட்டாலும் எளிதில் அழுகாது, ஒரு ஆள் சுமையே நல்ல காசு தரும். தலைச்சுமைக்கும் குதிரைச்சுமைக்கும் ஏற்ற பயிர் அது.

அதுமட்டுமல்ல, பூண்டு திரள்வதற்குக் குளிர் வேண்டும். அதனால் தமிழ்நாட்டில் அது மலைகளுக்கு உரிய பயிராகிவிட்டது. நீலகிரியும் கொடைக்கானலும்தான் அதன் இருப்பிடங்கள். ஜூன்–ஜூலையில் ஒரு போகம், அக்டோபர்–நவம்பரில் ஒரு போகம். ஊன்றிய நான்கு மாதத்தில் தாள் மஞ்சளாகிச் சாயும், அப்போது பிடுங்குவார்கள். ‘சிங்கப்பூர் சிவப்பு’, ‘மதராசி’ என்பவை மலைக்கு ஏற்ற பழைய ரகங்கள். உதகை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ‘ஊட்டி 1’ ரகத்தைத் தந்தது.

வயலில் செய்யும் வேலையை விட, அறுவடைக்குப் பிறகு வீட்டுக்குள் நடப்பதில்தான் இந்தப் பயிரின் லாபம் இருக்கிறது. மேல்மலைக்காரர்கள் பூண்டைத் தாளோடு பிடுங்கி, உலர்த்தி, கட்டுக்கட்டாக முடிந்து கூரைக்கு அடியில் தொங்கவிடுவார்கள். கீழே மூட்டும் நெருப்பின் புகை அதில் நாள்கணக்கில் ஏறும். மழையும் மூடுபனியும் விடாத ஊரில் ஈரத்தை விரட்ட வேறு வழி ஏது? புகையேறிய பூண்டு முளைவிடாமல், பூஞ்சணம் பிடிக்காமல் ஓர் ஆண்டு வரை கெடாது என்கிறார்கள். விலை சரிந்திருக்கும் வாரத்தில் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது இரண்டு கட்டு, வீட்டில் விசேஷம் வந்தால் நான்கு கட்டு என்று இறக்கிக்கொள்ளலாம். அழுகும் காய்கறி போட்ட சிறு விவசாயிக்கு இந்தப் பிடிமானம் கிடையாது. பறித்த அன்றே வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியவர் அவர்.

தொங்கும் கட்டுகளில் ஒரு பகுதி அடுத்த போகத்துக்கான விதை. பூண்டு விதையால் பெருகுவதில்லை, பல்லை ஊன்றித்தான் பயிராக்க வேண்டும். ஹெக்டேருக்கு 500 முதல் 600 கிலோ பல் தேவை, விளைச்சல் 6 முதல் 8 டன். அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு திரும்பவும் மண்ணுக்கே போகிறது. செலவுக் கணக்கில் கனமான வரி இதுதான். 2024 தொடக்கத்தில் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, பரணில் சொந்த விதை வைத்திருந்தவருக்கும் கடையில் வாங்கி ஊன்றியவருக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும் என்பதை இந்த எடையே சொல்லும். நீலகிரிப் பூண்டைத் தேடி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வடநாட்டு வியாபாரிகள் வருவதும் விதைக்காகவே.

மலைப்பூண்டின் பல் சிறியது, உரிப்பதற்குச் சிரமம், காரம் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு வைக்கவும், லேகியம் கிளறவும், பாலில் வேகவைக்கவும் நம் வீடுகள் கேட்பது இந்தக் காரத்தைத்தான். மத்தியப் பிரதேசத்திலிருந்து லாரி லாரியாக வரும் பெரும்பல் பூண்டுக்கு நடுவிலும் இதற்குத் தனி விலை நிற்கிறது.

தனி விலை இருக்கும் இடத்தில் கலப்படமும் வரும். சமவெளிப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்பதைத் தடுக்க, கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பித்தது அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். 2019-ல் குறியீடு கிடைத்தது. இது பெரிய வெற்றிதான், ஆனால் பாதி வேலைதான். 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் வேலையை விட்டுவிட்டுப் படிவத்தோடு அலைவாரா? தோட்டக்கலைத் துறையே கிளாவரைக்கும் கவுஞ்சிக்கும் போய், வீடு வீடாகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். அதோடு கட்டுகளில் முத்திரையும் ஏற வேண்டும். இல்லையென்றால், வடுகபட்டியைத் தாண்டிய மறுநிமிடமே எந்தப் பூண்டும் தன்னை மலைப்பூண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.